குளத்தில் விழாத சீட்டு

இந்தப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஓய்வு பெற்று முழுசாக ஒரு வருடம் ஆகவில்லை. அதற்குள் எனக்கு அறிவுரை சொல்லும் தகுதி வந்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது. பாடக்குறிப்பு எழுதுவது, கடைசி பெஞ்சை அடக்குவது, சாக்பீஸ் தூளில் தொண்டை கெடாமல் பார்த்துக்கொள்வது இதெல்லாம் ஆறு மாதத்தில் உங்களுக்கே வந்துவிடும். நான் ஓர் அட்டைப்பெட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் சேர்ந்தபோது இது சின்னப் பள்ளி. அறுபதுகள் பிறந்தபோது, அதாவது மகாராஷ்டிரம் தனி மாநிலமான சமயம், இரண்டு ஷிஃப்ட், ஐந்து மொழிப் பிரிவு, இரண்டாயிரம் பிள்ளைகள் என்று வீங்கிவிட்டது. மாட்டுங்கா பக்கத்து வாசல் வழியாக ஆபீஸ் உத்தியோகக் குடும்பத்துப் பிள்ளைகள் இஸ்திரி போட்ட சட்டையோடு வருவார்கள். தாராவி பக்கத்து வாசல் வழியாகத் தோல் பட்டறைக்காரர் பிள்ளைகளும் கடைக்காரர் பிள்ளைகளும் வருவார்கள். உள்ளே என்.சி.சி. அணிவகுப்பு ஒரு பக்கம், தச்சுப் பட்டறை ஒரு பக்கம், ஓவியப் பரீட்சைக்குப் பயிற்சி ஒரு பக்கம். வெளியாள் யாராவது வந்தால் இது பள்ளியா ரயில்வே ஸ்டேஷனா என்று சந்தேகப்படுவார்.

இத்தனையையும் கவனிக்க ஆள் வேண்டும் இல்லையா? அந்த ஆள் நான்தான். தமிழ்ப் பிரிவில் பாடம் நடத்தியது போக, நூலகச் சாவி, சாரணியர் கூட்டம், பரீட்சை அறை ஒதுக்கீடு, மழைக்காலத்தில் ரயில் நின்றுவிட்டால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எல்லாம் என் தலையில் விழுந்தன. பக்கத்து நாற்காலியில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார், மாட்டுங்காக்காரர். நல்ல மனுஷர். ஒவ்வொரு தடவையும் வேலையை என் பக்கம் தள்ளும்போது ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்.

"உங்களுக்கென்ன டீச்சர், ஆத்துல யார் காத்துண்டிருக்கா?"

குத்திக்காட்டுவதற்காக அவர் சொல்லவில்லை. உண்மையும் அதுதானே. அப்பா போனபின் தம்பிகள் இருவரையும் படிக்கவைத்து ஒருவனை டில்லிக்கும் ஒருவனைக் கல்கத்தாவுக்கும் அனுப்பினேன். அதற்குள் எனக்குக் கல்யாண வயது போய்விட்டது. ஸ்டேஷன் பக்கத்தில் இரண்டாவது மாடியில் ஒற்றை அறை. காலையில் பூட்டிய பூட்டை மாலையில் நானே திறப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் பால்காரரோடு பேசியதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். அதனால், கூடுதல் வேலை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்குவேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு அது வேண்டியிருந்தது.

இனி பெட்டிக்கு வருகிறேன். வருடா வருடம் பள்ளி ஆண்டுவிழாவில், கேதரிங் என்கிறோமே அதில், நாடகம், நடனம் எல்லாம் முடிந்த பிறகு ஃபிஷ்பாண்ட் நடக்கும். நீங்கள் வெளியூரிலிருந்து வந்திருந்தால் இதை அறிந்திருக்க மாட்டீர்கள். ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்கு நீலக் காகிதம் ஒட்டிக் குளம் என்று வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் யாரைப் பற்றி வேண்டுமானாலும் கேலியாக ஒரு வரி எழுதி, எழுதியவர் பெயர் போடாமல் பள்ளியில் வைத்திருக்கும் உண்டியலில் போடலாம். தேறிய சீட்டுகள் குளத்துக்குப் போகும். விழா அன்று தூண்டில் போட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பார்கள். பெயர் வந்தவர் எழுந்து மேடைக்குப் போக வேண்டும். கூட்டம் சிரிக்கும், கைதட்டும், அவரும் வெட்கப்பட்டுக்கொண்டே சிரிப்பார். ஒரு வருடம் முழுக்கச் சேர்ந்த கேலியெல்லாம் அரைமணி நேரத்தில் கொட்டித் தீர்ந்துவிடும்.

பெட்டி என் கைக்கு வருவதற்கு முந்தின வருடம் அதில் ஒரு விபரீதம் நடந்திருந்தது. தாராவியிலிருந்து வந்த ஒரு பெண்ணின் பெயரைப் படித்து, 'பட்டறை வாசம் போகக் குளிக்கவும்' என்று ஒரு சோப்புக் கட்டியை மேடையில் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் அங்கேயே அழுதாள். அவள் மாமன்மார் மறுநாள் பள்ளி வாசலில் வந்து நின்றார்கள். எங்கள் ஹெட்மாஸ்டர் மராட்டியர், அதிகம் பேசாதவர். என்னைக் கூப்பிட்டு ஹிந்தியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"இந்த வருஷம் பெட்டி உங்கள் பொறுப்பு. மேடையில் யாரும் அழக்கூடாது."

இரண்டு வாரம், மாலை ஷிஃப்ட் கலைந்ததும் நூலகத்தில் உட்கார்ந்து சீட்டுகளைப் பிரிப்பேன். மராட்டி, குஜராத்திச் சீட்டுகளுக்கு உதவி உண்டு. தமிழ்ச் சீட்டுகள் முழுக்க என் ராஜ்யம். போடலாம், போடக்கூடாது என்று இரண்டு குவியல். உண்மையைச் சொல்வதானால் அந்த இரண்டு வாரமும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை பேர் இத்தனை பேரைக் கவனித்திருக்கிறார்கள்! யார் எப்படித் தும்முகிறார், யார் மத்தியானப் பீரியடில் தூங்குகிறார், யார் டிராமில் டிக்கெட் எடுக்கும்போது கண்டக்டரோடு சண்டை போடுகிறார் எல்லாம் அதில் இருந்தது. கணக்கு வாத்தியாருக்கு மட்டும் ஒன்பது சீட்டு. ஒவ்வொரு சீட்டையும் பிரிக்கும்போது என் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கவில்லை. அதற்காக வருத்தப்பட்டேன் என்று சொல்ல அப்போது வெட்கமாக இருந்தது, இப்போது இல்லை.

அந்தக் குவியலில் இந்தச் சீட்டு வந்தது:

'பத்தாவது ஆமினாவுக்கு: வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா?'

கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. பெயரைப் பார்த்ததுமே கை தானாகச் சீட்டை 'போடக்கூடாது' குவியலுக்குத் தள்ளிவிட்டது. ஆமினா என் வகுப்புப் பெண். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்காருவாள். அவள் வாப்பாவுக்குத் தாராவியில் தோல்பை தைக்கும் கார்கானா, ஊர் திருநெல்வேலிப் பக்கம். கட்டுரையில் முதல் மதிப்பெண் வாங்குவாள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள். இரண்டு வருடத்தில் அவள் குரலை நான் பத்துத் தடவை கேட்டிருந்தால் அதிகம். அவளைப் போய் இரண்டாயிரம் பேர் முன்னால் ஊமை என்று கேலி செய்வதா? எவளோ ஒருத்தி திமிரில் எழுதியிருக்கிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாட்டுங்காப் பிள்ளைகளைப் பற்றி இதைவிடக் காரமான சீட்டுகளைச் சிரித்துக்கொண்டே குளத்தில் போட்டேன். தாராவிப் பிள்ளைகளின் பெயர் வந்தால் மட்டும் ஐயோ பாவம் என்று எடுத்து வைத்தேன். கடைசியில் பார்த்தால் அந்த வாசல் வழியாக வரும் பிள்ளைகளில் ஒருவர் பெயர்கூடக் குளத்தில் இல்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. வேலையைச் சரியாகச் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

விழா சனிக்கிழமை பிற்பகல். பெற்றோர்களும் வந்திருந்தார்கள். ஆமினா பச்சைத் தாவணியைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவள் வாப்பா ஆண்கள் பக்கம் முன்னாலேயே நாற்காலி பிடித்திருந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி, மடியில் குடை. அதற்கு முன் அவர் எங்கள் பள்ளிக்கு வந்து நான் பார்த்ததே இல்லை.

நான் மேடையோரம் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு தடவை தூண்டில் மேலே வரும்போதும் ஆமினா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேறு பெயர் வந்ததும் தோள் தளர்ந்தது. பெயர் வந்துவிடுமோ என்று பயப்படுகிறாள், பாவம் என்று நினைத்தேன். ஒரு தடவை எங்கள் கண்கள் சந்தித்தபோது, பயப்படாதே, நான் பார்த்துக்கொண்டேன் என்கிற மாதிரி அவளைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

கணக்கு வாத்தியார் மேடையில் ஒன்பதாவது சீட்டுக்கும் கும்பிடு போட்டபோது சிரிப்பில் கூரை பறந்தது. யாரும் அழவில்லை. பெட்டி காலியானது. ஹெட்மாஸ்டர் என் பக்கம் திரும்பித் தலையை அசைத்தார். நானும் பெருமையாக வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தேன்.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் குமாஸ்தா ஆள் அனுப்பினார். உங்கள் வகுப்புப் பெண்ணுக்கு எல்.சி. கேட்கிறார்கள், வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று. எல்.சி. என்றால் பள்ளியை விட்டு நிற்பதற்கான சான்றிதழ் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். போனேன். ஆமினாவும் அவள் வாப்பாவும் நின்றிருந்தார்கள்.

"என்ன பாய், இன்னும் ஒரே வருஷம். பதினொண்ணாவதுல எஸ்.எஸ்.சி. முடிக்கட்டுமே. இவ கட்டுரையைப் படிச்சிருக்கேளா நீங்க?" என்றேன்.

அவர் மரியாதையாகத்தான் பேசினார். "டீச்சரம்மா, எனக்கும் படிக்க வைக்கணும்னுதான். ஊர்ல எங்க மச்சான் மவனுக்குக் கேக்காவ. இவ பதினொண்ணு படிச்சிட்டுத்தான்னு ஒத்தக்கால்ல நிக்கா. நான் கேட்டேன், அம்புட்டுப் பெரிய பள்ளிக்கூடத்துல ஒன்னைய யாருக்காவது தெரியுமா, வாயே தொறக்க மாட்டியே, ஆட்டு மந்தையோட போயிட்டு வாரதுக்குப் பேரு படிப்பான்னு கேட்டேன். அதுக்கு இவ, சனிக்கெழம வாங்க வாப்பா, மேடையில எம் பேரு கூப்புடுவாவ, வந்து பாருங்கன்னா. சரி, கூப்புட்டா ஒரு வருசம் பொறுக்கேன்னு வாக்குக் குடுத்தேன். கார்கானாவ அடச்சிட்டு வந்து முன்னால ஒக்காந்து பாத்தேன். எம்புட்டுப் பேரு கூப்புட்டிய! எம் புள்ள பேரு ஒரு மட்டங்கூட வரல."

ஆமினா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம் இருங்கோ பாய், எங்கேயும் போயிடாதீங்கோ," என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன். நிறுத்திய சீட்டுகளை அன்றைக்கே எரித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. நல்லவேளை, சோம்பலில் மேஜை இழுப்பறையிலேயே போட்டு வைத்திருந்தேன். இவளை இன்னொரு பிள்ளை கவனித்து எழுதியிருக்கிறாள், நான்தான் நிறுத்திவிட்டேன் என்று அவர் முன்னால் காட்டிவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். சீட்டைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

அப்போதுதான் காகிதத்தைப் பார்த்தேன். கட்டுரை நோட்டிலிருந்து கிழித்தது. இடது ஓரத்தில் சிவப்புப் பென்சிலில் இரட்டைக் கோடு. என் வகுப்பில் எல்லாரும் மார்ஜினுக்கு ஒற்றைக் கோடு போடுவார்கள். ஆமினா மட்டும் பக்கத்துக்குப் பக்கம் இரட்டைக் கோடு போடுவாள். அழகாக இருக்கிறது என்று நானே ஒரு தடவை அவள் நோட்டில் எழுதியிருந்தேன். எழுத்தைச் சாய்த்து மாற்றி எழுதியவள் கோட்டை மறந்துவிட்டாள். அல்லது மறக்கவில்லையோ என்னவோ.

இரண்டாவது வரியையும் அப்போதுதான் படித்தேன். 'உதிர்ந்தால் பொறுக்கிக்கொள்ள நாங்கள் இருக்கிறோமே!' என்று இருந்தது. தன் பெயரை அந்தப் பள்ளியில் ஒருவர்கூட எழுதிப் போடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் தானே எழுதியிருக்கிறாள். கேலியாகவும் வேண்டும், கொஞ்சம் அன்பாகவும் வேண்டும் என்று யோசித்து எழுதியிருக்கிறாள். இறங்கும்போது மாடிப்படியிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

கீழே அவர் காத்திருக்கிறார். யோசிக்கப் படிக்கட்டு அளவுக்குத்தான் நேரம். சீட்டைக் காட்டினால் மகள் கையெழுத்து அவருக்குத் தெரிந்துவிடலாம். காட்டாமல் போனால் அந்தப் பெண் அவர் கண்ணில் பொய் சொன்னவளாகவே நிற்பாள். வேறு மாணவி எழுதியது என்றால் யார் அந்த மாணவி என்பார். நான் ஆபீஸுக்குள் போய்ச் சீட்டை விரித்துப் படித்தேன், இரண்டு வரியையும்.

"இது குளத்துல இருந்திருக்க வேண்டிய சீட்டு பாய். எழுதினது நான்தான். படிச்சா இவ பயந்து அழுதுடுவாளோன்னு நானே எடுத்து வச்சுட்டேன். உங்க பொண்ணு பொய் சொல்லலை."

ஆமினா தலையை நிமிர்த்தினாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

அவர் மகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "பயந்தது நீங்கல்லா டீச்சரம்மா. எம் புள்ள பயப்படலியே. அவ சீவிச் சிங்காரிச்சுல்லா வந்து ஒக்காந்திருந்தா," என்றார். குரலில் கோபம் இல்லை. "சனிக்கெழம ஒங்க வாசல்லேருந்து நேரா தபாலாபீசுக்குப் போயி ஊருக்குத் தந்தி அடிச்சிட்டேன், சம்மதம்னு. இனி வாக்கு மாறுனா மச்சான் மொகத்துல முழிக்க முடியாது."

நான் கெஞ்சினேன். ஹெட்மாஸ்டரும் வெளியே வந்து தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்லிப் பார்த்தார். சனிக்கிழமையே சொல்லியிருந்தால், தந்தி அடிக்குமுன் சொல்லியிருந்தால் என்று அவள் வாப்பாவும் வருத்தப்பட்டாரே தவிர அசையவில்லை. எல்.சி.யில் என் கையெழுத்தை நான்தான் போட்டேன்.

வாசல்வரை கூடப் போனேன். வாப்பா குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஆமினா நின்று என்னிடம் கையை நீட்டினாள். சீட்டைக் கொடுத்தேன். மடித்துத் தாவணி முனையில் முடிந்துகொண்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிய டீச்சர்," என்றாள்.

அவள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே கேலிப் பேச்சு அதுதான். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வார முடிவில் மதராஸ் மெயிலில் ஏறிவிட்டார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

ஹெட்மாஸ்டரிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலாம். "நான் சொன்னதைத்தானே செய்தீர்கள், மேடையில் யாரும் அழவில்லை," என்றார். 

அடுத்த வருடமும் பெட்டி என்னிடம்தான் வந்தது. முறையை மாற்றினேன். சந்தேகமான சீட்டு வந்தால் நானாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. பெயருக்குரிய பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுச் சீட்டைக் கையில் கொடுத்து, படிக்கலாமா வேண்டாமா என்று கேட்பேன். இருபது பிள்ளைகளைக் கேட்டால் இரண்டு மூன்று பேர்தான் வேண்டாம் என்றார்கள். மற்றவர்கள் கொஞ்சம் சிவந்துபோய், படிங்க டீச்சர் என்றார்கள். சோப்பைப் பற்றி எழுதியிருந்த ஒரு சீட்டுக்குத் தாராவிப் பையன் ஒருவன், "படிங்க, மேடையில நான் பதில் சொல்லிக்கிடுதேன்," என்றான். சொல்லவும் செய்தான், கூட்டம் அவன் பக்கம்தான் கைதட்டியது. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. கேட்பதற்கு ஒரு நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.

இதை எழுதித்தான் வைத்தேனா என்றால் இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. ஆமினா கதையைச் சொல்லாமல் அந்த முறையைச் சொல்ல முடியாது, அவள் கதையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அது என்னுடைய இரண்டாவது தப்பு.

போன வருடம் எனக்குக் கடைசி கேதரிங். பெட்டியை உங்களில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அந்த இரண்டு வாரமும் எனக்கு வேலையில்லை. மாலையில் அறைக்குப் போய் உட்கார்ந்தால் சுவர்தான். முப்பது வருடத்தில் என் பெயரில் ஒரு சீட்டும் வந்ததில்லை. கண்டிப்பான டீச்சரை யார் கேலி செய்வார்கள்? ஒரு நாள் ஒரு காகிதத்தை எடுத்து, எழுத்தைச் சாய்த்து மாற்றி எழுதினேன்: 'தமிழ் டீச்சருக்கு: உங்களுக்கென்ன, வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்? இங்கேயே இருந்துவிடுங்களேன்!' எழுதி முடித்தபின் ஓரம் வெறுமையாக இருந்தது. சிவப்புப் பென்சிலில் இரட்டைக் கோடு போட்டு மடித்து உண்டியலில் போட்டேன்.

விழா அன்று நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். தூண்டில் மேலே வந்த ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்தேன். பெட்டியை ஏற்ற அந்த ஒருவரான நீங்கள், மேடையோரம் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி ஒரு தடவை என்னைப் பார்த்து, ஒன்றும் பயமில்லை என்கிற மாதிரி சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

எல்லாம் முடிந்தபின் நீங்கள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரோ ஒரு வாலு உங்களைப் பத்தி மனசு நோகற மாதிரி எழுதிப் போட்டிருந்தது டீச்சர். நான் கிழிச்சு எறிஞ்சுட்டேன்," என்றீர்கள். நான் நன்றி சொன்னேன். உங்கள் மனசு நல்ல மனசு, எனக்குத் தெரியும். எனக்கும் அன்றைக்கு நல்ல மனசுதான் இருந்தது.

இந்த வருடமும் பெட்டி உங்களிடம்தான் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். அந்தச் சீட்டு என்னுடையது. கேட்டிருந்தால், படியுங்கள் என்று சொல்லியிருப்பேன்.